நாலாவதாகச் செத்தவள் சிரிக்கவில்லை

அந்தப் படத்தில் நடுநிசி காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும். மூடிக் கிடந்த ஒரு பழைய விடுதிக் கட்டடத்தைப் பிடித்து, ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி, புகை போட்டு, நீல விளக்கை ஏற்றிவிட்டால் முடிந்தது வேலை. பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடுவார்கள், சூனியக்காரி கத்தியோடு துரத்துவாள். ஒரு மணிக்குச் சாப்பாடு வந்துவிட்டது என்று யாராவது குரல் கொடுத்ததும், கழுத்து அறுபட்டவர்களும் அறுத்தவரும் வெளியே வெயிலுக்கு வந்து ஒரே வரிசையில் தட்டை நீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

இந்தக் கூத்தையெல்லாம் ஒன்று விடாமல் எழுதி வைப்பது நோட்டக்காவின் வேலை. படத்தை யாரும் கதை போகிற வரிசையில் எடுப்பதில்லை. ஒருத்தி கதவைத் திறப்பதைப் போன மாதம் எடுத்திருப்பார்கள், உள்ளே காலடி வைப்பதை இன்றைக்கு எடுப்பார்கள். திறந்தபோது இரட்டைச் சடை, நுழைந்தபோது ஒற்றைச் சடை என்று ஆகிவிட்டால் தியேட்டரில் மானம் போகும். அது போகாமல் காப்பாற்றத்தான் நோட்டக்கா மடியில் பெரிய நோட்டை விரித்துக்கொண்டு, மானிட்டருக்குப் பக்கத்தில், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாருடைய சட்டையில் எத்தனை பொத்தான் போட்டிருந்தது, ரத்தம் எந்தக் கன்னத்தில், தம்ளரில் தண்ணீர் எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பேங்க் பாஸ்புக்கில் மட்டும் இருக்கிறது.

ஒரு தடவை பெரிய டைரக்டர் ஒருவர், தம்ளரில் பாதித் தண்ணீர் இருந்தது என்று அடித்துச் சொன்னார். நோட்டக்கா மூன்றில் ஒரு பங்கு என்றாள். எடுத்ததைப் போட்டுப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குதான். அன்றிலிருந்து அவள் சொன்னதை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. அவள் ஒன்று சொல்லி, கேமரா வேறொன்று சொன்னால், கேமராவை ரிப்பேருக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று யூனிட்டில் கேலி பேசுவார்கள். நோட்டக்காவுக்கு இந்தக் கேலி பிடிக்கும். பிடிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள்.

படத்தின் கதை இதுதான். விடுதியில் தங்கிப் படிக்கிற ஏழு பிள்ளைகள், பூட்டிக் கிடந்த நூலகத்துக்குள் நுழைந்து ஒரு மந்திரப் புத்தகத்தை எடுக்கிறார்கள். எடுத்ததோடு விடாமல், புத்தகத்தின் கடைசிப் பக்கத்து அட்டையில் விளையாட்டுக்கு ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போடுகிறார்கள். எப்போதோ செத்துப்போன நூலகக்காரி ஒருத்தி சூனியக்காரியாக எழுந்து வந்து, கையெழுத்துப் போட்ட வரிசைப்படி ஆளை முடிக்கிறாள். இவ்வளவு ஒழுங்கான பேயை எங்கேயும் பார்க்க முடியாது.

இளவட்டங்களுக்காக எழுதப்பட்ட ஒரு நாவலிலிருந்து எடுத்த கதை. எழுதியவர் பல் டாக்டர். நாவலில் அந்த நூலகக்காரி யாரையும் குத்துவதில்லை, வெட்டுவதில்லை. பொய்ப் பழி சுமந்து செத்தவள், பிள்ளைகளின் வாயிலிருந்து ஒவ்வொரு சொல்லாகத் திருடிக்கொண்டு போவாள், அவ்வளவுதான். சினிமாவில் அவள் கையில் புத்தகம் பைண்டு பண்ணுகிற முழ நீளக் கத்தியைக் கொடுத்துவிட்டார்கள். பல் டாக்டர் ஒருநாள் ஆசையாகப் படப்பிடிப்பு பார்க்க வந்தார். சூனியக்காரியாக நடிக்கிற ஆறடி ஸ்டண்ட்காரர் முகமூடியைக் கழற்றிவிட்டு வணக்கம் சொன்னார். டாக்டர் கத்தியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பல்லை நன்றாக வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு ஊர்போய்ச் சேர்ந்தார். பிறகு வரவேயில்லை.

ஏழு பிள்ளைகளுக்கும் கதையில் பெயர் இருந்தது. ஆனால் யூனிட்டில் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. சாகிற வரிசையை வைத்து முதலாவது, இரண்டாவது என்றே கூப்பிட்டார்கள். மூணாவதுக்கு டீ கொடு, ஆறாவது எங்கே போய்த் தொலைந்தான் என்றுதான் பேச்சு.

நாலாவது, நோட்டக்காவின் மகள்.

பத்தொன்பது வயது. அம்மாவிடம் மூச்சுக்கூட விடாமல் நடிகர் தேர்வுக்குப் போய், வரிசையில் நின்று, தேர்வும் ஆகிவிட்டாள். நோட்டக்கா அதைத் தெரிந்துகொண்டது நடிகர் பட்டியல் கைக்கு வந்த அன்றைக்குத்தான். வேறொரு தாயாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள், அல்லது வீட்டில் போய்ச் சண்டை போட்டிருப்பாள். நோட்டக்கா இரண்டும் செய்யாமல் நேராக டைரக்டரிடம் போனாள். தன் பெண் என்பதால் சலுகை காட்டினாள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்கிற ரோஷம். அந்தப் பெண்ணுக்கு நடிப்பு வராது, வீட்டில் ஒரு சின்னப் பொய் சொன்னாலே முகம் காட்டிக்கொடுத்துவிடும், வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டாள். டைரக்டர் இருபத்தெட்டு வயதுப் பையன், எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவன். அவன் இதை ஒரு நல்ல நகைச்சுவையாக நினைத்து மகளிடமே சொல்லிச் சிரித்தான்.

அன்றைக்குச் சாயங்காலமே மகள் பையைத் தூக்கிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு மாதம் ஆகிறது. செட்டில் பார்த்தால் எல்லோரையும் போல "குட்மார்னிங் நோட்டக்கா" என்பாள். "இந்த சீன்ல எனக்குச் செயின் சட்டைக்கு உள்ள இருக்கணுமா, வெளிய இருக்கணுமா, கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா" என்று மரியாதையாகக் கேட்பாள். நோட்டக்காவும் நோட்டைப் புரட்டி, உள்ளே, என்பாள். அந்த "ங்க" ஒவ்வொன்றும் அவளுக்கு நறுக்கென்று குத்தும்.

இனி மேக்கப்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயம் கலந்து வாளி வாளியாக ரத்தம் காய்ச்சுகிறவர் அவர்தான். தலை முழுக்க நரைத்த மனிதர், யாரையும் அதட்டிப் பேசமாட்டார், ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மலையைக் கொண்டுவந்து மோதினாலும் அசையமாட்டார். படத்தில் செத்தவர்கள், செத்த இடத்திலேயே, அதே உடையோடும் ரத்தத்தோடும் எழுந்து நின்று கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட வேண்டும். கேமரா ஓட வேண்டும். அதற்குப் பிறகுதான் முகத்தைக் கழுவ விடுவார். சிரிக்காமல் போனால் சாவு கூடவே போய்விடும் என்பது அவர் கட்சி. அவரோடு வேலை செய்கிற யூனிட்டுகளில் இது எழுதாத சட்டமாகவே ஆகிவிட்டது. நோட்டக்காவின் நோட்டிலும் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. தலைப்பில் 'சிரிப்பு' என்றிருக்கும், சிரித்ததும் அதில் ஒரு டிக் போடுவாள். நம்பிக்கை எல்லாம் கிடையாது. வருஷக்கணக்காக மேக்கப்காரரை இதற்காக ஓட்டி எடுத்திருக்கிறாள். உங்கள் சாவு என்ன அவ்வளவு ரசனை கெட்டதா, யாராவது இளித்தால் ஓடிவிடுமா என்று கேட்பாள். அவரும் சிரித்துக்கொண்டே, கட்டத்தில் டிக் போட மறக்காதீங்க என்பார்.

நாலாவது செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால்.

நூலகத்து அலமாரிகளுக்கு நடுவே அவள் பின்வாங்கி வர வேண்டும். பின்னாலிருந்து சூனியக்காரியின் கை வந்து வாயைப் பொத்தும். ஒரே இழுப்பு. அவள் சரிந்து விழ, அலமாரியிலிருந்து புத்தகங்கள் அவள் மேல் ஒவ்வொன்றாக விழும். பிறகு கேமரா மெதுவாக, மிக மெதுவாக, திறந்து கிடக்கிற அவள் கண்ணருகே வரும். நாற்பது விநாடி அவள் இமைக்கக் கூடாது.

இமைக்கவில்லை. சர்க்கரைப் பாகுக்கு வந்த எறும்பு ஒன்று கழுத்தில் ஏறி, கன்னத்தைக் கடந்து, கண்ணோரம்வரை போய்த் திரும்பியது. அப்போதும் இமைக்கவில்லை. கண்ணில் இருந்த பயம் முதலில் போனது, பிறகு ஆச்சரியம் போனது, பிறகு ஒன்றுமே இல்லாமல் போனது. நோட்டக்கா மானிட்டரில் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை புத்தகம் விழுந்தது என்று எண்ண வேண்டியவள் எண்ணவில்லை. எப்போது கட் சொன்னார்கள் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

டைரக்டர் துள்ளிக் குதித்துவிட்டான். போட்டுப் பார்க்கவே வேண்டாம், ஓகே, அடுத்த ஷாட் என்று கத்தினான். மேக்கப்காரர் வழக்கம்போல, சிரிச்சிட்டுப் போம்மா, என்றார். கேமராக்காரர் பொத்தானை அழுத்தினார். மகள் எழுந்து நின்றாள். கேமராவைத் தாண்டி, மானிட்டர் பக்கம் பார்த்தாள். நோட்டக்கா என்ன முகத்தோடு உட்கார்ந்திருந்தாளோ, அவளுக்கே தெரியாது. ஏதோ சொல்வாள் என்று மகள் எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. நோட்டக்கா மானிட்டர்மேல் குனிந்து, எண்ணாமல் விட்ட புத்தகங்களைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"சிரிப்பு வரல" என்று சொல்லிவிட்டு மகள் போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்து மேக்கப்காரரை ஐந்தாவது கூப்பிட்டான், பசை போட்ட காது கழன்று கையோடு வந்துவிட்டது என்று. கேமராவை அடுத்த இடத்துக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். யாரும் கவனிக்கவில்லை. நோட்டக்காவின் கை மட்டும், இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில், சிரிப்புக் கட்டத்தில் ஒரு டிக்கைப் போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பியது.

அதை அவள் பார்த்தது சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து நோட்டைச் சரிபார்த்தபோதுதான். சே, இதில் என்ன இருக்கிறது என்று முதலில் நினைத்தாள். அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தாள். அடித்துவிட்டால் சிரிக்கவில்லை என்று எழுத வேண்டும். 'சிரிக்கவில்லை' என்று தன் கையால், மகளின் சாவுக்கு எதிரே எழுத அவளுக்குக் கை வரவில்லை. பேனாவை மூடி வைத்தாள்.

மறுநாள் தங்கை போன் பண்ணி, பெண்ணுக்குத் தடிமன் பிடித்திருக்கிறது, தும்மிக்கொண்டே இருக்கிறாள் என்றாள். பாகைத் தலையில் ஊற்றி ஊற்றிக் கழுவினால் தடிமன் பிடிக்காதா, என்று நோட்டக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்கு மறுநாள் மகள் செட்டுக்கு வரும்போது மாடிப்படியில் செருப்பு வார் அறுந்து இரண்டு படி சறுக்கினாள். எல்லோருக்கும் அறுகிற வார்தானே. வெள்ளிக்கிழமை, ஸ்கூட்டரில் வந்தவளை ஒரு வேன்காரன் உரசிவிட்டுப் போய்விட்டான். முழங்கையில் சிராய்ப்பு. மகள் அதையும் ஒரு கதையாக மற்ற ஆறு பேரிடமும் நடித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நோட்டக்கா நோட்டைத் திறந்து அந்த டிக்கை இன்னொரு தடவை பார்த்தாள்.

அன்று மதியம் டீ குடிக்கிற சாக்கில் மேக்கப்காரரிடம் பேச்சுக் கொடுத்தாள். ஒரு பேச்சுக்குத்தான் கேட்கிறேன், யாராவது சிரிக்காமல் போயிருந்தால் பிறகு என்ன செய்வது, போனில் சிரித்தால் போதுமா என்று கேட்டாள். மேக்கப்காரர் யோசித்துப் பார்த்துவிட்டு, அதெல்லாம் செல்லாது, மறுபடியும் அதே இடத்தில் செத்து, அதே ரத்தத்தோடு எழுந்து சிரிக்க வேண்டும் என்றார். பிறகு சொன்னார்:

"ஆனா அப்படி ஒரு தடவைகூட நடந்ததில்லக்கா. வேணும்னா உங்க நோட்டையே பாருங்க. எல்லாத்துக்கும் டிக் இருக்கும்."

நோட்டக்கா டீயை மென்று விழுங்கினாள்.

மகளிடம் நேராகப் போய், வந்து சிரித்துவிட்டுப் போ என்று கேட்டிருக்கலாம். கேட்க எத்தனையோ தடவை எழுந்தாள். நடிக்க வராது என்று டைரக்டரிடமே போய்ச் சொன்னவள், இப்போது சாவு பிடித்துக்கொள்ளும் என்று பயந்து வந்து நிற்கிறாள் என்றால் அந்தப் பெண் என்ன நினைக்கும். அதைவிட, நோட்டில் பொய் டிக் போட்டதை ஒப்புக்கொள்ள வேண்டும். சனிக்கிழமையோடு நூலகத்தைப் பிரித்துவிடப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அலமாரி இருக்காது, புத்தகம் இருக்காது, அவள் செத்த இடமே இருக்காது. வெள்ளிக்கிழமை ராத்திரி நோட்டக்கா சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலையில் நோட்டக்கா டைரக்டரிடம் போய், நாலாவது செத்த ஷாட்டில் ஒரு தப்பு இருக்கிறது என்றாள். நூலகத்துக்குள் நுழையும்போது வாட்ச் வலது கையில் இருந்தது, சாகும்போது இடது கையில் இருக்கிறது, அந்த ஷாட் செல்லாது, மறுபடி எடுக்க வேண்டும்.

டைரக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. உதவி டைரக்டர் ஒருத்தி, ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாமே என்று மெல்ல இழுத்தாள். டைரக்டர் அவள்மேல் எரிந்து விழுந்தான். நோட்டக்கா சொன்ன பிறகு போட்டுப் பார்ப்பதா, யாரைப் பார்த்து என்ன பேசுகிறாய் என்றான். நோட்டக்காவுக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது. இத்தனை வருடம் சேர்த்து வைத்த பெயர் இவ்வளவு சுலபமாக வேலை செய்யும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் சந்தேகப்பட்டிருந்தால்கூட மனதுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாம் தயார். மகளுக்குக் கழுத்தில் ரத்தம் பூசியாயிற்று. சூனியக்காரர் முகமூடியைக் கையில் வைத்து விசிறிக்கொண்டிருந்தார். வலது கையில் வாட்சைக் கட்டிக்கொள்ளச் சொன்னபோதுதான் மகளுக்கு விஷயமே தெரிந்தது.

"உள்ள வரும்போதும் இடது கையிலதான் இருந்துச்சு" என்றாள் அவள், எல்லோருக்கும் கேட்கும்படி. "கட்டினது நான். எனக்குத் தெரியாதா?"

செத்தவர்கள் கணக்குச் சொல்ல வேண்டாம் என்று டைரக்டர் சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. நோட்டக்காவைப் பார்த்தாள். நோட்டக்கா நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வீட்டில் சின்னப் பொய் சொன்னாலே முகம் காட்டிக்கொடுத்துவிடுகிற குணம் அந்தப் பெண்ணுக்கு எங்கிருந்து வந்தது என்பது அந்த நிமிடம் செட்டில் இரண்டே பேருக்குத் தெரியும்.

மகள் போய்த் தரையில் படுத்தாள். சாயும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும், வாட்ச் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். நோட்டக்காதான் போக வேண்டும், அது அவள் வேலை. போய் மண்டியிட்டு உட்கார்ந்து, மகளின் வலது கையை எடுத்து வாட்சைச் சரிசெய்தாள். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அந்தக் கையைத் தொடுகிறாள். பாகில் பிசுபிசுவென்றிருந்தது.

"பொய்தானே?" என்றாள் மகள், உதடு அசையாமல்.

"ஆமா."

"நோட்டுல பொய் எழுதினியா? நீயா?"

அந்த "நீ" காதில் விழுந்ததும் நோட்டக்கா ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். "அன்னைக்கு நீ சிரிக்காம போயிட்ட. நான் பாட்டுக்கு டிக் போட்டுட்டேன். அதுக்கப்புறம் தடிமன், செருப்பு, வேனு…"

"உனக்குத்தான் இதுலயெல்லாம் நம்பிக்கை இல்லையே."

"இல்லதான். ஆனா செத்துக் கிடந்தது நீ."

மகள் மேலே, அலமாரியின் உச்சியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு, மிகவும் சின்னக் குரலில் கேட்டாள்:

"அன்னைக்கு நான் நல்லா செத்தேனா?"

இதற்காகத்தான் இந்தப் பெண் அன்றைக்கு மானிட்டரைப் பார்த்தபடி நின்றாள் என்பது நோட்டக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அதை விட்டுவிட்டு, விழுந்த புத்தகங்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ரொம்ப நல்லா செத்த" என்றாள். "இத்தனை வருஷத்துல அப்படி ஒருத்தர் சாகறதை நான் பார்த்ததில்ல. உன்னைப் பத்தி நான் சொன்னது தப்பு."

மகள் கண்ணைத் திருப்பி அவளைப் பார்த்தாள். பாதி நம்பியும் பாதி நம்பாமலும் பார்த்தாள்.

"வாட்ச் பத்தியும் இப்படித்தான் அடிச்சு சொன்ன" என்றாள். "இது மட்டும் உண்மைன்னு நான் எப்படி நம்பறது?"

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டாள். நோட்டக்கா சொன்னால் சொன்னதுதான் என்று இருபத்திரண்டு வருடம் எல்லோரும் நம்பினார்கள். இந்த ஒரு பெண் நம்ப வேண்டிய நேரத்தில் அந்தப் பெயரில் ஒரு துளிகூட மிச்சமில்லை, காலையில்தான் செலவழித்துவிட்டிருக்கிறாள். சத்தியம் செய்தால்கூடச் சிரிப்பு வரும்.

ரெடியா என்று டைரக்டர் குரல் கொடுத்தான். நோட்டக்கா எழுந்து நின்றாள். மானிட்டர்வரை நடந்து போய், உதவி டைரக்டர் பெண்ணிடம், நாலாவது உள்ளே நுழைகிறதையும் செவ்வாய்க்கிழமை எடுத்ததையும் போடு என்றாள். எல்லோரும் வந்து பாருங்கள் என்றும் சொன்னாள். நாலாவதையும் கூப்பிட்டாள்.

டைரக்டர் பதறினான். நீங்க சொன்னா போதும்க்கா, எதுக்கு, என்றான். போடச் சொன்னாள். போட்டார்கள். முதலில் நூலகத்துக்குள் நுழைகிற ஷாட் வந்தது. மகள் கதவைத் தள்ளுகிறாள். இடது கையில் வாட்ச் பளிச்சென்று தெரிந்தது. நீல வெளிச்சத்தில் அது இருக்கிற இடத்தை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் காட்டிவிடும். டைரக்டர் மெல்லத் திரும்பி நோட்டக்காவைப் பார்த்தான்.

"வாட்ச்ல தப்பில்ல. நான்தான் பொய் சொன்னேன்" என்றாள் நோட்டக்கா. "அதை அப்புறம் பேசிக்கலாம். இதைப் பாருங்க."

அதற்குள் அலமாரிகளுக்கு நடுவே கை வந்து வாயைப் பொத்திவிட்டது. சரிந்து விழுந்தாள். புத்தகங்கள் விழுந்தன. பதினொன்று, நோட்டக்கா இந்தத் தடவை எண்ணினாள். கேமரா அந்தக் கண்ணை நோக்கிப் போகப் போக, கூட்டத்தில் டீத் தம்ளர் வைத்திருந்தவர்கள் அதைக் குடிக்க மறந்து நின்றார்கள். எறும்பு ஏறியது. கண்ணில் இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக அணைந்தது. சூனியக்காரர் முகமூடியை மார்போடு பிடித்துக்கொண்டு, நானா இப்படிப் பண்ணினேன், என்று முணுமுணுத்தார். மகள் கழுத்தில் ரத்தத்தோடு அத்தனை பேருக்கும் பின்னால் நின்று, தான் செத்ததைத் தானே பார்த்தாள்.

அப்போது மானிட்டரின் ஸ்பீக்கரில் ஒரு சத்தம் கேட்டது.

"பாப்பா."

அவ்வளவுதான். கேமராவுக்குப் பின்னாலிருந்து, மூச்சுப் போன குரலில், யாரோ ஒரு பெண். அதற்கு மூன்று விநாடி கழித்துத்தான் டைரக்டரின் கட் கேட்டது. சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அன்றைக்கே குறித்து வைத்தேன், யாரென்று தெரியவில்லை, அந்த இடத்தில் எப்படியும் இசை வந்துவிடும் என்று விட்டுவிட்டேன் என்றார். டேக் ஓடும்போது தும்மினவனையே வீட்டுக்கு அனுப்புகிற யூனிட் அது. யார் அது, என்று டைரக்டர் கேட்டான், பழக்கத்தில்.

நோட்டக்கா கையைத் தூக்கினாள். தான் வாய் திறந்ததே அவளுக்குத் தெரியாது. பாப்பா என்பது வீட்டுக்குள் மட்டும் கூப்பிடுகிற பெயர். மகள் பத்தாவது படிக்கும்போது, இனிமேல் அப்படிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டேன் என்று சொன்னதிலிருந்து நோட்டக்கா அதை விட்டுவிட்டிருந்தாள்.

மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அழப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள். வாயைத் திறந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணீர் ஒரு பக்கம் வழிய, தலையிலிருந்து பாகு சொட்டச் சொட்ட, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மேக்கப்காரர் ஒரு விநாடி அவளைப் பார்த்தார், ஒரு விநாடி நோட்டக்காவின் கையில் இருந்த நோட்டைப் பார்த்தார், அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கேமரா, கேமரா, என்று கத்திக்கொண்டு ஓடினார். சாது மனிதர் கத்தியதை அன்றைக்குத்தான் எல்லோரும் கேட்டார்கள்.

மகளை அலமாரிக்கு முன்னால், அவள் விழுந்த இடத்திலேயே நிறுத்தினார்கள். மானிட்டரில் மறுபடி செத்ததே போதும் என்று மேக்கப்காரர் சொல்லிவிட்டார். கேமராக்காரர் பொத்தானில் கை வைத்தார். டைரக்டர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். திங்கட்கிழமையிலிருந்து ஒவ்வொரு ஷாட்டையும் போட்டுப் பார்த்துத்தான் ஓகே சொல்வேன், யார் என்ன சொன்னாலும் சரி என்றான். நோட்டக்கா தலையாட்டினாள். வலித்தது. இனி எந்த யூனிட்டுக்குப் போனாலும் இந்தக் கதை அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் அலமாரிக்கு முன்னால் நிற்கிற பெண்ணைப் பார்க்கும்போது, இன்னொரு தடவை நேர்ந்தாலும் இதையேதான் செய்வோம் என்றும் அவளுக்குத் தெரிந்தது. அடுத்த தடவை வாட்சுக்குப் பதில் கொஞ்சம் நல்ல பொய்யாகச் சொல்லலாம்.

மேக்கப்காரர் கேமராவை ஓட்டவிடவில்லை. கையைக் காட்டி நிறுத்திவிட்டு நோட்டக்காவிடம் வந்தார். கையிலிருந்த நோட்டை வாங்கி நாற்காலியில் வைத்தார்.

"நீங்களும் போய் நில்லுங்கக்கா" என்றார். "அந்தக் குரலைக் கேட்டேனே. அன்னைக்கு ரெண்டு பேர் செத்திருக்கீங்க."

நோட்டக்கா மறுத்துப் பார்த்தாள். கேமராவுக்கு முன்னால் அவள் ஒருநாளும் நின்றதில்லை. தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார்கள். கையை எங்கே வைத்துக்கொள்வது, எந்தப் பக்கம் பார்ப்பது என்று ஒன்றும் புரியவில்லை. மகள் பிசுபிசுத்த கையால் அவள் தோளைப் பிடித்து நேராக்கினாள்.

"கேமராவைப் பாரும்மா" என்றாள்.

நோட்டக்கா பார்த்தாள். சிரிப்பு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. யாரும் கட் சொல்லவில்லை.